ஒரு மணியும் ஏழு பேர் கமிட்டியும்

1

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தான். பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தான். அதற்கும் பிறகு, மின்சுற்றுப் படம் வரைய எந்த இலவச மென்பொருள் உகந்தது என்று ஆராய்ந்து அறிவிக்க ஏழு பேர் கொண்ட குழு ஒன்றை அமைத்தான். முதல் இரண்டைப் பற்றியும் எழுதித் தள்ளியாகிவிட்டது. மூன்றாவதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இலக்கியத்தின் இந்த மாபெரும் குறையை இன்று, இப்போது, இந்தக் கதையின் மூலம் நிவர்த்தி செய்கிறேன். வாசகர்கள் எழுந்து நிற்க வேண்டிய அவசியமில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். படுத்திருந்த நண்பரைப் பார்க்க ஓர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். நண்பர் தூங்கிக்கொண்டிருந்தார். பொழுது போகாமல் சுவரில் ஒட்டியிருந்ததையெல்லாம் படித்தேன். அதில் ஒரு தாள்: "மணி பழுது. நோயாளிகள் கை தட்டவும்."

பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக இருந்தவரிடம், "ஏங்க, ஒரு மணியை ரிப்பேர் பண்ண எத்தனை நாளாகும்?" என்றேன்.

"கமிட்டி உக்காந்திருக்கு சார்."

"மணிக்கா?"

"இல்ல சார். மணியோட படத்தை எதுல வரையறதுன்னு."

என்னிடம் இருந்த மூலப்பொருள் இவ்வளவுதான். மற்றதெல்லாம் கைச்சரக்கு.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது: "அந்த இளங்காலைப் பொழுதில் கதிரவன் தன் பொற்கரங்களால் பெல்லக்காவின் மேசையை" — வேண்டாம். ஆஸ்பத்திரியின் எலக்ட்ரானிக்ஸ் அறை சலவைக் கூடத்துக்குப் பக்கத்தில், தரைக்குக் கீழே இருக்கிறது. கதிரவனுக்கு அங்கே நுழைவுச் சீட்டு கிடையாது.

இரண்டாவது தொடக்கம்: "பெல்லக்காவின் வாழ்க்கை ஒரு மின்சுற்றைப் போன்றது." எழுதிய கையோடு எனக்கே கூச்சமாகப் போயிற்று. தவிரவும், மின்சுற்று என்றால் கிளம்பிய இடத்துக்கே சுற்றி வந்து சேர வேண்டும். பெல்லக்கா அனுப்பிய கோப்பு சுற்றியதே தவிர, சேரவில்லை.

ஆகவே மூன்றாவது, அலங்காரமில்லாத தொடக்கம்.

பெல்லக்கா அந்த ஆஸ்பத்திரியின் எலக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியன். நோயாளி கட்டிலில் பொத்தானை அழுத்தினால் நர்ஸ் மேசையில் விளக்கு எரிந்து மணி அடிக்கும் ஏற்பாட்டை அவள்தான் பராமரித்துவந்தாள். அதனால்தான் அந்தப் பெயர். வைத்த பெயர் வேறு. அது சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. ஒரு நாள் மேல்மாடிக் குளியலறைத் தண்ணீர் சுவர்வழியே ஒழுகி, ஆறாவது வார்டின் மணிப் பலகைக்குள் இறங்கியது. இருபத்துநாலு கட்டில்களின் மணியும் ஒரே நேரத்தில் அடித்து, அப்படியே ஓய்ந்துபோனது.

பலகையைச் செய்த கம்பெனியை மூடிப் பல வருடமாகிவிட்டது. புதிதாகச் செய்யலாம், பெல்லக்காவுக்கு அது ஒன்றும் பெரிய வித்தையில்லை. மஞ்சள் தாளில் பென்சிலால் முழுச் சுற்றையும் வரைந்தும் வைத்துவிட்டாள். ஆனால் பலகை செய்து தருகிற தொழிற்சாலைக்குக் கம்ப்யூட்டரில் வரைந்த கோப்புதான் வேண்டும். ஆஸ்பத்திரியிடம் இருந்த வரைபட மென்பொருளின் உரிமம் போன வருடமே முடிந்துவிட்டது. புதிது வாங்க முடியாது, இலவசமாகக் கிடைப்பதில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்று மேலிடம் சொல்லிவிட்டது.

தேர்ந்தெடுங்கள் என்று ஒரு மனுஷியிடம் சொல்லியிருந்தால் கதை இந்த வரியோடு முடிந்திருக்கும். அதைக் கோப்பில் எழுதிவிட்டார்கள்.

3

இங்கே ஓர் ஆள் தேவைப்படுகிறது. மணி அடிக்காவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும்.

முதலில் பதினோராம் கட்டிலில் பெல்லக்காவின் அம்மாவைப் படுக்க வைத்தேன். மூன்று பத்தி எழுதுவதற்குள் எனக்கே கண் கலங்கியது, உடனே கிழித்துவிட்டேன். கண் கலங்கினால் கமிட்டி தெளிவாகத் தெரியாது. எனவே அம்மாவை டிஸ்சார்ஜ் செய்துவிட்டு, அதே கட்டிலில் நாத்தனாரைச் சேர்த்திருக்கிறேன். பெல்லக்கா புருஷனின் அக்கா. இடுப்பெலும்பு உடைந்து, பிளேட் வைத்து, படுத்த படுக்கை. விழுந்த வேகத்தில் இடது மணிக்கட்டும் போய், அதில் ஒரு மாவுக்கட்டு.

"என்னம்மா, உன் மணி அடிச்சுதா?" என்றாள் நாத்தனார், பெல்லக்கா உள்ளே வந்ததும் வராததுமாக.

"இன்னைக்குக் கமிட்டி உக்காருது அண்ணி."

"நல்லா உக்காரட்டும். நான்தான் உக்காரவும் முடியாம எந்திரிக்கவும் முடியாம கெடக்கறேன்."

"கை தட்டச் சொல்லி ஒட்டியிருக்காங்களே, தட்டிப் பாத்தீங்களா?"

நாத்தனார் மாவுக்கட்டுக் கையைத் தூக்கிக் காட்டினாள். "ஒரு கை தட்டினா ஓசை வருமா? பள்ளிக்கூடத்துல இதைச் சொல்லித் தரலையா உனக்கு? தொடையில தட்டிப் பாத்தேன். எதிர்க் கட்டில்காரி, நான் அவளைத்தான் சண்டைக்குக் கூப்பிடறேன்னு நெனச்சு முறைச்சுக்கிட்டுப் படுத்துட்டா."

"சத்தம் போட்டுக் கூப்பிட வேண்டியதுதானே?"

"அந்தக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்காங்க. ஃபேன் சத்தத்துல என் தொண்டைதான் கிழியுது." குரலைத் தணித்துக்கொண்டாள். "நேத்து காலைக் கீழ தொங்கப் போட்டுப் பாத்தேன்."

"அண்ணி! ஆறு வாரம் கால் தரையில படக் கூடாதுன்னு டாக்டர் தலைபாடா அடிச்சுக்கிட்டாரே. மறுபடி விழுந்தா இன்னொரு ஆபரேஷன் தாங்க மாட்டீங்கன்னு உங்க எதிர்லதானே சொன்னாரு?"

"சொன்னாரு. அவருக்கென்ன, அவரு நடந்து போறாரு. முக்கா மணி நேரம் ஒருத்தரும் வரலைன்னா நான் என்ன பண்ணட்டும்? படுக்கையை நனைக்கச் சொல்றியா, இந்த வயசுல? உன் புருஷனையே நான்தான் இடுப்புல தூக்கி வளத்தேன், அவன்கூட ரெண்டு வயசுக்கு மேல நனைச்சதில்ல."

"நான் மணி போட்டுத் தர்றேன் அண்ணி. அதுவரைக்கும் காலைக் கீழ வைக்க மாட்டேன்னு சொல்லுங்க."

"நீ சீக்கிரம் போடு. கால் என் பேச்சைக் கேக்கற வரைக்கும் மேலயே இருக்கும்."

[குறிப்பு: நாத்தனார் என்றால் கொடுமைக்காரி என்று எழுதுவதுதான் வசதி. இவள் பெல்லக்காவின் கல்யாணத்தன்றே "பொண்ணு கறுப்பு" என்று மண்டபம் கேட்கச் சொன்னவள்தான். அதே வாயால்தான் பெல்லக்கா வேலைக்குப் போகக் கூடாது என்ற தம்பியை "நீ சும்மா கெட" என்றும் அடக்கினாள். இரண்டும் கணக்கில் இருக்கட்டும்.]

4

கமிட்டியைப் பார்ப்போம். தலைவர், தலைமைப் பொறியாளர். அவருக்குக் கீழே கம்ப்யூட்டர் பிரிவுக்காரர், பாதுகாப்பு அதிகாரி, 'படம்' என்ற சொல் வருவதால் நூலகர், இன்னும் இருவர். ஆறு பேரானதால் வாக்கெடுப்பில் சமமாகிவிடக் கூடாதே என்று தோட்டக் கண்காணிப்பாளரையும் சேர்த்துக்கொண்டார்கள். பெல்லக்கா 'சிறப்பு அழைப்பாளர்'. நாற்காலி ஏழுதான் இருந்ததால் சிறப்பு அழைப்பாளர் கதவோரம் நின்றாள்.

முதல் கூட்டம் ஒரு சொல்லில் போயிற்று. கம்ப்யூட்டர் பிரிவுக்காரர் தன் குறிப்பில் 'கட்டற்ற மென்பொருள்' என்று எழுதியிருந்தார். யாரும் கட்டிவைக்காத, யாரும் திருத்திப் பகிரக்கூடிய மென்பொருளுக்கு முறையான தமிழ்ச் சொல் அதுதான். டைப்பிஸ்ட் அதைப் பார்த்து, பாவம், அவசரத்தில் நடுவே மூன்று எழுத்து விட்டுப்போயிற்று என்று இரக்கப்பட்டு, 'கட்டுப்பாடற்ற மென்பொருள்' என்று திருத்தி அடித்து ஏழு பிரதி எடுத்துவிட்டார்.

பாதுகாப்பு அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "கட்டுப்பாடே இல்லாத ஒரு சாமானை ஆஸ்பத்திரிக்குள்ள விடறதா? நாளைக்கு அது ஆபரேஷன் தியேட்டர் வரைக்கும் போயிடுச்சுன்னா?"

"சார், அது கட்டற்ற. அதாவது, சுதந்திரமானது," என்றார் கம்ப்யூட்டர் பிரிவுக்காரர்.

"சுதந்திரமா? அது இன்னும் மோசமாச்சே."

"சும்மா இலவசம்னு போட்டுருங்களேன்," என்றார் தோட்டக் கண்காணிப்பாளர்.

நூலகர் தலையசைத்தார். "இலவசம்னா மட்டமா நினைப்பாங்க. விலையில்லாதன்னு போடலாம்."

"விலையில்லாததுன்னா விலைமதிப்பே இல்லாததுன்னும் ஆகும். ஆடிட்ல கேப்பாங்க," என்றார் தலைவர்.

இரண்டரை மணி நேரத்துக்குப் பிறகு ஒருமனதாக நிறைவேறிய தீர்மானம் இது: 'கட்டு, கட்டணம், கட்டுப்பாடு ஆகிய மூன்றும் அற்ற, ஆயினும் கட்டுக்கோப்பான மென்பொருள்.'

இதைக் கற்பனை என்று நினைக்கிறீர்கள். கற்பனைதான். நீங்கள் ஏதாவது கமிட்டியில் இருந்திருந்தால் இந்த இடத்தில் சிரித்திருக்க மாட்டீர்கள்.

இரண்டாவது கூட்டமும் மூன்றாவது கூட்டமும் ஒரு கேள்விக்கே போயின: பாம்பா, பெட்டியா?

[குறிப்பு: சுற்றில் மின்னோட்டத்தை மட்டுப்படுத்துகிற சின்னப் பொருள் ஒன்று உண்டு, ரெசிஸ்டர். படத்தில் அதைச் சிலர் பாம்புபோல நெளித்து வரைவார்கள். சிலர் நீளப் பெட்டியாக வரைவார்கள். இரண்டும் ஒன்றுதான். ஒன்றுதான் என்பதால்தான் சண்டை போட முடிகிறது.]

பரிசீலனையில் நான்கு மென்பொருள்கள் இருந்தன. முதலாவது சாதாரணமாக இருந்தது. இரண்டாவதை இணையத்திலேயே பயன்படுத்தலாம், ஆனால் வரைகிற படம் ஊருக்கே தெரியும். மூன்றாவது இரண்டு பக்கம்வரை இலவசம், மூன்றாம் பக்கத்தில் கை நீட்டும். நான்காவதின் முகப்பு கண்ணைப் பறித்தது. அதில் வரைய மட்டும் வரவில்லை. இவற்றை ஒப்பிட்டு நாற்பத்திரண்டு கட்டங்கள் கொண்ட அட்டவணை போட்டார்கள். பாம்புக்கு ஒரு கட்டம், பெட்டிக்கு ஒரு கட்டம், பின்னணி நிறத்துக்கு மூன்று கட்டம்.

"பாம்பு பாரம்பரியமானது," என்றார் தலைவர்.

"பெட்டி நாகரிகமா இருக்கு சார்," என்றார் கம்ப்யூட்டர் பிரிவுக்காரர்.

"தோட்டத்துல பாம்புன்னாலே ஆளுங்க பயப்படறாங்க," என்று தோட்டக் கண்காணிப்பாளர் தன் துறைசார்ந்த கருத்தைப் பதிவு செய்தார்.

கதவோரத்திலிருந்து பெல்லக்கா வாய் திறந்தாள். "சார், பாம்பா வரைஞ்சாலும் பெட்டியா வரைஞ்சாலும் கடைக்காரன் அதே சாமானைத்தான் குடுப்பான்."

"சிறப்பு அழைப்பாளர் கருத்து கேட்கப்படும்போது சொல்லலாம்," என்றார் தலைவர். கேட்கப்படவில்லை.

5

இந்தத் தலைவரின் மேல் எனக்குச் சந்தேகம். ரொம்ப சுலபமாக மாட்டிக்கொள்கிறார். தொப்பையும் தோரணையுமாக ஒரு மனிதரை நிறுத்திவைத்துக் கல்லெறிவதில் என்ன பெருமை? ஆகையால் அவருக்கு ஒரு மனசு வைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

"தலைவர் சிறுவயதில் ஒரு பம்பரத்தை" — இல்லை.

"தலைவரின் மனைவி இறந்ததிலிருந்து அவர்" — சீச்சீ, ஒருவர் கூட்டம் நீட்டுவதற்காக இன்னொருவரைக் கொல்வதா.

கடைசியில் கிடைத்தது இது. தலைவருக்கு மென்பொருளில் படம் வரையத் தெரியாது. வேலையில் சேர்ந்த காலத்தில் வரைபடக்காரர்கள் இருந்தார்கள். பிறகு உதவியாளர்கள் இருந்தார்கள். பிறகு அவர் தலைமைப் பொறியாளராகிவிட்டார், தெரியாது என்று சொல்லக்கூடிய வயது தாண்டிவிட்டது. எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுத்தாலும், "சார், நீங்களே ஒரு தடவை திறந்து பாருங்க" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். தேர்ந்தெடுக்காதவரைக்கும் சொல்ல மாட்டார்கள். முப்பத்தோரு வருட சர்வீஸில் நாற்பது கமிட்டிக்குத் தலைமை வகித்தவர் அவர். ஒன்றில்கூட ஒருவரும் அவரைப் பாராட்டியதில்லை. இது அவருக்கு வருத்தம். இப்போது எனக்கும் கொஞ்சம் வருத்தம்.

பெல்லக்காவுக்கு வருத்தப்பட நேரமில்லை. மூன்றாவது கூட்டம் முடிந்த அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில், தன் மேசைக் கம்ப்யூட்டரில், இறக்கக்கூடிய மூன்று மென்பொருளையும் ஒரே சமயத்தில் இறக்கத் தொடங்கினாள். டப்பாவில் பாதி சாப்பிடுவதற்குள் முதலாவது இறங்கி முடிந்தது. மஞ்சள் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரைந்தாள். கை கழுவ எழுந்த நேரத்தையும் சேர்த்தால் ஒன்றே முக்கால் மணி நேரம். இருபத்துநாலு கட்டில், இருபத்துநாலு விளக்கு, ஒரு மணி. இனி வேண்டியது ஒரு கையெழுத்து. கமிட்டி தேர்ந்தெடுக்காத மென்பொருளில் வரைந்த படத்தில் தலைவர் எப்படிக் கையெழுத்துப் போடுவார்?

எனக்கும் தெரியவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு இரண்டு நாள் சும்மா இருந்தேன். அந்த இரண்டு நாளும் நாத்தனார் படுத்தே இருந்தாள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

6

நான்காவது கூட்டத்தில், நேரில் பார்க்காமல் முடிவெடுப்பது முறையல்ல என்று சொல்லி, முடிவெடுப்பதைத் தள்ளிப்போட்டுக் கள ஆய்வுக்குத் தேதி குறித்தார் தலைவர். காலை பத்தரைக்கு ஆறாவது வார்டு. முன்னால் தலைவர், பின்னால் ஆறு பேர், கடைசியில் அச்செடுத்த படத்தோடு பெல்லக்கா.

அன்று வார்டில் ஒருத்தரும் எட்டிப்பார்க்காமல் வெகு நேரமாகியிருந்தது. கண்ணாடிக் கதவு திறந்தது. சட்டைப் பையில் பேனா குத்திய ஏழு பேர் உள்ளே வந்தார்கள். யாரோ ஒருவர் வந்துவிட்டார்களே என்ற ஆவலில் மூன்றாம் கட்டிலில் ஒரு பாட்டி கை தட்டினாள். அதைக் கேட்டு ஏழாம் கட்டில். அப்புறம் பதினேழு, இருபது, இருபத்திரண்டு. சுவரில் எழுதியபடி, இருபத்து மூன்று கட்டில்களும் முழு மூச்சாகத் தட்டின. பதினோராம் கட்டில் மட்டும் தொடையில் தட்டியது.

தலைவர் நின்றுவிட்டார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். பின்னால் வேறு யாராவது பெரியவர் வருகிறாரோ என்று திரும்பியும் பார்த்தார். யாருமில்லை. மெல்லக் கைகூப்பினார். கண் நிறைந்தது.

"இது எனக்குக் கிடைத்த பாராட்டு அல்ல," என்றார் தழுதழுத்த குரலில். "எங்கள் குழுவுக்கு..."

கைதட்டல் கூடியது. "ஐயா, பெட்பேன்!" என்று யாரோ கத்தினார்கள். "தண்ணி! இங்க தண்ணி!" என்று இன்னொருவர்.

சத்தத்தில் தலைவருக்கு விளங்கவில்லை. பெல்லக்காவின் பக்கம் குனிந்தார். "என்னம்மா சொல்றாங்க?"

"ரொம்ப அவசரம்னு சொல்றாங்க சார்."

[குறிப்பு: இந்தக் கதையில் யாரும் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.]

"இவ்வளவு எதிர்பார்ப்பா!" என்றார் தலைவர். "படம் தயாரா? எதுல வரைஞ்சே?"

"அட்டவணையில முதல் வரி சார்."

"காரணம்?"

"அதுதான் முதல்ல இறங்கி முடிஞ்சுது."

"செயல்வேகம்," என்று நூலகர் நோட்டில் குறித்துக்கொண்டார்.

தலைவர் படத்தை வாங்கிப் பார்த்தார். ரெசிஸ்டரெல்லாம் பெட்டியாக இருந்தன. ஒரு கணம் அவர் முகம் மாறியது. வார்டு இன்னும் தட்டிக்கொண்டிருந்தது. "பரவாயில்லை," என்றார் தலைவர், நாகரிகத்தை மன்னித்துவிட்டவர்போல, பதினோராம் கட்டிலின் சாப்பாட்டுப் பலகைமேல் படத்தை வைத்துக் கையெழுத்திட்டார்.

"பெரியவரே," என்றாள் நாத்தனார், "உங்க கையெழுத்து நல்லா இருக்கு. போற வழியில அந்த நர்ஸ் பொண்ணை வரச் சொல்லுங்க."

7

எட்டாம் நாள் பலகை வந்தது. பெல்லக்கா ஒரே பகலில் பற்றவைத்து, கம்பிகளைச் சேர்த்து, பதினோராம் கட்டில் பொத்தானைத் தானே அழுத்திப் பார்த்தாள். நர்ஸ் மேசையில் பதினொன்று எரிந்தது. மணி அடித்தது. நாத்தனார் பொத்தானை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அவள் அகராதியில் அது நன்றி.

கமிட்டியும் சும்மா இருக்கவில்லை. மாபெரும் வரவேற்பைக் கருத்தில் கொண்டு, அது 'மணியோசைத் தேர்வுக் குழு'வாக உயர்த்தப்பட்டது. மணி 'ட்ரிங்' என்று அடிப்பதா, 'டிங் டாங்' என்று அடிப்பதா? பயன்படுத்துவோர் தரப்பில் யாரும் இல்லை என்ற குறை எழாதபடி, ஆறாவது வார்டு நர்ஸை உறுப்பினராகச் சேர்த்தார்கள். எட்டாவது நாற்காலியும் போட்டாயிற்று. கூட்டம் காலை பதினோரு மணிக்கு. வருகை கட்டாயம். அந்த நேரத்தில் அந்த வார்டுக்கு இருப்பது அந்த ஒரு நர்ஸ்தான்.

பதினொன்றே கால். நாத்தனார் தலையணைக்கு அடியிலிருந்து பொத்தானை எடுத்து அழுத்துகிறாள்.

முடிவு எழுத வேண்டிய இடம் இது. என்னிடம் மூன்று இருக்கின்றன.

அ. சலவைக் கூடத்துப் பக்கமிருந்து பெல்லக்காவுக்கு மனசு ஏதோ சொல்ல, படியேறி ஓடிவருகிறாள். (மனசு சொல்வது கதைகளில் மட்டும்தான் இத்தனை நேரம் தவறாமல் சொல்கிறது. ஆனாலும் எனக்கு ஆசையாக இருக்கிறது.)

ஆ. கூட்ட அறையில் நர்ஸ் எழுந்து நின்று, "எனக்கு வார்டுல வேலை இருக்கு, ட்ரிங்கோ டாங்கோ நீங்களே பாத்துக்குங்க" என்று கிளம்பிவிடுகிறாள். (புரட்சிகரமான முடிவு. மறுநாள் அவளுக்கு மெமோ கொடுப்பார்கள். அதை எழுத எனக்குத் தெம்பில்லை.)

இ. மணி சத்தம் கூட்ட அறைவரைக்கும் கேட்கிறது. எட்டுப் பேரும் பேச்சை நிறுத்திக் காது கொடுத்துக் கேட்கிறார்கள். "இந்த ஓசை நல்லாத்தான் இருக்கு," என்கிறார் தலைவர். நூலகர் குறித்துக்கொள்கிறார்.

மூன்றில் எது சரி என்று என்னால் சொல்ல முடியவில்லை. இதை உங்களிடம் விட்டுவிடுகிறேன். மூன்றையும் நன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள். எதில் உருக்கம் அதிகம், எதில் நம்பகம் அதிகம், எது இந்த மாதிரிக் கதைக்குப் பொருத்தம். வேண்டுமானால் ஓர் அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் இன்னும் மூன்று பேரைக் கேட்டுக்கொள்ளுங்கள். கருத்து சமமாகப் பிரிந்துபோனால் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒற்றைப்படையாகிவிடும்.

நாத்தனார் காலைக் கீழே வைத்துவிட்டாள்.